நம் பால்வீதி: தொலைநோக்கிக்குப் பக்கத்தில் நின்று கேட்ட கேள்விகள்

விடுமுறை நாள்களில் தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு பள்ளி மைதானங்களுக்கும் மலையூர்களுக்கும் போய்வருவது என் பழக்கம். நிலவின் பள்ளங்களையும் சனியின் வளையத்தையும் காட்டி முடித்த பிறகு யாராவது ஒருவர் தலையை நிமிர்த்தி, "அந்த வெள்ளைப் பட்டை என்ன?" என்பார். அங்கிருந்து தொடங்கும் கேள்விகள் ஊருக்கு ஊர் பெரிதாக மாறுவதில்லை. அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே இங்கே சேர்த்திருக்கிறேன். எளியவை முன்னால், என்னைத் திணறடித்தவை பின்னால்.

1. பால்வீதி, பால்வழி, பால்வெளி, ஆகாயகங்கை என்று ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்களே, எல்லாம் ஒன்றுதானா?

ஒன்றுதான். வடமொழி மரபு அதை ஆறாகப் பார்த்தது, கிரேக்கர்கள் சிந்திய பாலாகப் பார்த்தார்கள். தமிழில் இரண்டும் புழங்குகின்றன. எதைச் சொன்னாலும் தவறில்லை.

குழப்பம் வேறிடத்தில் இருக்கிறது. வானில் தெரியும் மங்கலான பட்டைக்கும் இதே பெயர், நாம் வாழும் மொத்த நட்சத்திரத் திரளுக்கும் இதே பெயர். இந்தப் பக்கத்தில் மொத்தத் திரளைப் 'பால்வீதி' என்றும், கண்ணுக்குத் தெரிவதைப் 'பட்டை' என்றும் சொல்கிறேன். 'அண்டம்' என்ற சொல்லை வேண்டுமென்றே தவிர்க்கிறேன். ஒரு புத்தகத்தில் அது ஒரு திரளைக் குறிக்கிறது, இன்னொன்றில் பிரபஞ்சம் முழுவதையும் குறிக்கிறது.

2. அந்தப் பட்டை மட்டும்தான் பால்வீதியா? மற்ற நட்சத்திரங்கள் எல்லாம் வெளியே இருப்பவையா?

இல்லை. கண்ணுக்குத் தனித்தனிப் புள்ளியாகத் தெரியும் நட்சத்திரம் ஒவ்வொன்றும் பால்வீதியைச் சேர்ந்ததே. திருவாதிரை, கேட்டை, அகத்தியர் எல்லாம் அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள். நல்ல இருட்டில் ஒரு நேரத்தில் நாம் காண்பவை இரண்டாயிரம், இரண்டாயிரத்து ஐந்நூறு இருக்கும். அவற்றில் பெரும்பாலானவை ஓராயிரம் ஒளியாண்டுக்குள் அடங்கிவிடும். ஒளியாண்டு என்பது ஒளி ஓராண்டில் கடக்கும் தூரம்.

பால்வீதி தட்டையானது, நாம் அந்தத் தட்டுக்குள் இருக்கிறோம். தட்டின் போக்கில் பார்த்தால் நட்சத்திரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கடுக்காக வந்து கலங்கிய ஒளியாகிவிடுகின்றன, அதுதான் பட்டை. தட்டுக்கு மேலோ கீழோ பார்த்தால் கூட்டம் சீக்கிரம் முடிந்துவிடுகிறது. 1610இல் கலிலியோ தன் தொலைநோக்கியில் பார்த்து, பட்டை என்பது எண்ணற்ற நட்சத்திரங்களின் திரட்சி என்று எழுதினார். அதற்குமுன் அது மேகமா, ஆவியா என்ற வாதம் நடந்துகொண்டிருந்தது.

3. எங்கள் ஊரில் தெரியுமா? எந்த மாதம் பார்க்கலாம்?

சென்னை, கோவை போன்ற நகரங்களுக்குள் தெரியாது. நிலவில்லாத இரவில், விளக்கொளி எட்டாத இடத்துக்குப் போக வேண்டும். அழகான பகுதி தனுசு, விருச்சிகம் இருக்கும் திசை. மாசி, பங்குனியில் விடியற்காலை நான்கு மணிக்குத் தென்கிழக்கே பாருங்கள். ஆனியில் நள்ளிரவில் தெற்கே உயர்ந்து நிற்கும், மழை மேகம் விட்டால். புரட்டாசியில் இருட்டியதும் தென்மேற்கில் கிடைக்கும். மார்கழி, தையில் முன்னிரவில் திருவாதிரைக்குப் பக்கமாக ஓடுவதும் பட்டைதான், ஆனால் அது மையத்துக்கு எதிர்ப்புறம். நட்சத்திரக் கூட்டம் குறைவு, அதனால் மங்கல்.

இந்த விஷயத்தில் நாம் கொடுத்துவைத்தவர்கள். ஜவ்வாது மலையிலுள்ள காவலூரில் பால்வீதியின் மையம் அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 48 டிகிரி உயரம் ஏறுகிறது. லண்டனில் அது பத்து டிகிரியைக்கூடத் தொடுவதில்லை. காவலூரில் 1986 முதல் இயங்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கிக்குத் தென்வானம் இவ்வளவு கிடைப்பதும் இதனால்தான்.

4. எவ்வளவு பெரியது? கோடி கோடி என்று சொல்லாமல் மனதில் நிற்கும்படி சொல்லுங்கள்.

எண்களை முதலில் சொல்லிவிடுகிறேன். தட்டின் குறுக்களவு ஏறத்தாழ ஒரு லட்சம் ஒளியாண்டு, தடிமன் ஓராயிரம் ஒளியாண்டு. நட்சத்திரங்கள் 10,000 கோடியிலிருந்து 40,000 கோடி வரை என்று மதிப்பிடுகிறார்கள். மங்கலான சிறு நட்சத்திரங்களே மிகுதி என்பதாலும், அவற்றை எண்ணுவது கடினம் என்பதாலும்தான் இவ்வளவு பெரிய இடைவெளி.

ஒரு முழ அகலத் தோசையை நினைத்துக்கொள்ளுங்கள். தடிமனுக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதம் கிட்டத்தட்டச் சரியாக வரும். ஆனால் பால்வீதிக்கு நடுவில் ஒரு புடைப்பு இருப்பதால் ஆப்பம் இன்னும் பொருத்தம். இரண்டு ஆப்பங்களை முதுகோடு முதுகாக ஒட்டினால் வடிவம் வந்துவிடும். நாம் நடுவுக்கும் ஓரத்துக்கும் ஏறத்தாழப் பாதி வழியில், மையத்திலிருந்து 26,700 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறோம்.

ஆப்பம் கெட்டியாக இருக்கும், பால்வீதி அப்படி இல்லை. சூரியனை ஒரு மிளகாகச் சுருக்கிச் சென்னையில் வைத்தால், அடுத்த மிளகு வேலூரில். இடையில் ஒன்றுமில்லை. இந்த மிளகை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், 13ஆம் கேள்வியில் தேவைப்படும்.

5. முழுப் பால்வீதியின் புகைப்படம் இணையத்தில் இருக்கிறதே, 'நாம் இங்கே' என்று அம்புக்குறியெல்லாம் போட்டு. அதை எடுத்தது யார்?

யாரும் எடுக்கவில்லை. அது ஓவியம். தரவுகளை வைத்து வரைந்த, மதிக்கத்தக்க ஓவியம். சில சமயம் நம்மைப் போலவே இருக்கும் வேறொரு திரளின் படத்தைப் போட்டு அம்புக்குறி வைத்துவிடுகிறார்கள்; அதற்கு மதிப்பில்லை.

அப்படி ஒரு படம் எடுக்க, தட்டுக்கு மேலே பல்லாயிரம் ஒளியாண்டு போக வேண்டும். மனிதன் அனுப்பியவற்றில் மிகத் தொலைவில் இருப்பது 1977இல் கிளம்பிய வாயேஜர் 1. அதன் சமிக்ஞை இங்கே வந்துசேர ஏறத்தாழ ஒரு நாள் ஆகிறது. ஆண்டு அல்ல, நாள்.

6. வெளியே போகாமல், உள்ளேயே உட்கார்ந்துகொண்டு வடிவத்தை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? நம்பும்படியாக இல்லையே.

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான். தேர்த் திருவிழாக் கூட்டத்துக்கு நடுவே நிற்கிறீர்கள். மாடியேற வழியில்லை. கூட்டம் எந்த வடிவத்தில் நிற்கிறது, தேர் எந்தப் பக்கம் என்று நின்ற இடத்திலிருந்தே சொல்ல வேண்டும். முதலில் முயன்றவர் வில்லியம் ஹெர்ஷல். தங்கை கரோலின் குறிப்பெடுக்க, வானத்தில் 600க்கும் மேற்பட்ட இடங்களில் தொலைநோக்கியைத் திருப்பி நட்சத்திரங்களை எண்ணினார். 1785இல் அவர் வெளியிட்ட வரைபடத்தில் சூரியன் நடுவுக்குப் பக்கத்தில் இருந்தது. அது தவறு. நட்சத்திரங்களுக்கு இடையே தூசி இருப்பது அவருக்குத் தெரியாது. ஏற்காட்டில் மூடுபனிக்குள் நின்றால் எல்லாத் திசையிலும் ஒரே அளவு தூரம்தான் தெரியும், நாம்தான் ஊருக்கு நடுவில் என்று தோன்றும். அதே ஏமாற்றம்.

வழியைக் கண்டவர் அமெரிக்கரான ஹார்லோ ஷாப்லி. லட்சக்கணக்கான முதிய நட்சத்திரங்கள் உருண்டையாகச் சேர்ந்த கோளக் கொத்துகள் என்று சில உண்டு. அவை தட்டுக்கு மேலும் கீழுமாகச் சிதறி நிற்பதால் பனிமூட்டத்துக்கு வெளியே கோபுரங்கள் போலத் தெரியும். அவை நம்மைச் சுற்றிச் சமமாகப் பரவவில்லை, தனுசு பக்கமே குவிந்திருந்தன. கோபுரங்கள் எல்லாம் ஒரு பக்கம் என்றால் ஊரின் நடு அங்கேதான். 1918இல் ஷாப்லி சூரியனை ஓரத்துக்குத் தள்ளிவிட்டார். தூரங்களுக்கு அவர் பயன்படுத்திய அளவுகோல், ஹென்ரியட்டா லெவிட் கண்டறிந்தது: துடிக்கும் ஒருவகை நட்சத்திரங்களின் துடிப்பு எவ்வளவு மெதுவோ அவ்வளவு பிரகாசம் என்ற விதி. லெவிட்டுக்குக் கிடைக்க வேண்டிய புகழில் கால்வாசிகூடக் கிடைக்கவில்லை என்பது என் நெடுநாள் மனக்குறை. ஷாப்லி போட்ட திசை சரி, அளவு மூன்று மடங்கு அதிகம். தூசி ஒளியை மங்கவைப்பதை 1930இல் ராபர்ட் டிரம்ப்ளர் நிறுவிய பிறகே கணக்கு இறங்கியது.

மிச்சத்தைச் செய்தவை தூசிக்குள் புகுந்துவரும் அலைகள். ஹைட்ரஜன் அணு 21 சென்டிமீட்டர் ரேடியோ அலையை உமிழும் என்று 1944இல் நெதர்லாந்தின் வான் டெ ஹல்ஸ்ட் கணித்தார். 1951இல் அது பிடிபட்டது. அதை வைத்து வாயு எங்கே அடர்ந்திருக்கிறது, எவ்வளவு வேகத்தில் நகர்கிறது என்று வரைந்ததில், நடுவிலிருந்து சுருண்டு நீளும் சுருள் கரங்கள் தலைகாட்டின. அகச்சிவப்பில் பார்த்தபோது நடுப்புடைப்பு உருண்டை இல்லை, நீண்ட தண்டு போன்றது என்று தெரிந்தது. பிறகு ஐரோப்பாவின் கையா விண்கலம் வந்தது. 2013இல் ஏவப்பட்ட அது, ஏறத்தாழ 180 கோடி விண்பொருள்களின் இடத்தைத் துல்லியமாக அளந்தது. அதுவும் மொத்தத்தில் நூற்றில் ஒரு பங்கை ஒட்டியதே.

7. மூல நட்சத்திரம் பால்வீதியின் மையத்தில் இருக்கிறதாமே? முன்னோர் தெரிந்துதானே 'மூலம்' என்று பெயர் வைத்தார்கள்?

இதைக் கேட்காத ஊரே இல்லை. மூலம் என்பது விருச்சிகத்தின் வால்நுனி. பால்வீதியின் மையம் அதற்குப் பக்கத்தில், கையை நீட்டி முஷ்டியை வைத்தால் மறைக்கும் அளவு தள்ளி இருக்கிறது. ஆனால் பக்கத்தில் தெரிவதும் பக்கத்தில் இருப்பதும் வேறு. மூலத்தின் நட்சத்திரங்கள் சில நூறு ஒளியாண்டு தூரத்தில், மையம் 26,700 ஒளியாண்டு தூரத்தில்.

மையத்திலிருந்து வரும் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் ஒரு லட்சம் கோடியில் ஒரு பங்குதான் தூசியைத் தாண்டி நம்மை அடைகிறது. வெறுங்கண்ணால் அதை அறிய வழியே இல்லை. பெயர்ப் பொருத்தம் இனிமையானதுதான், ஆனால் சான்று ஆகாது. முன்னோரின் கூர்மைக்கு வேறு நல்ல சாட்சிகள் இருக்கின்றன. சூரியன் ஒவ்வொரு மார்கழித் தொடக்கத்திலும் மையத்தின் திசையை ஒட்டிக் கடக்கிறது. அதனால் யாருக்கும் எதுவும் ஆவதில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

8. சூரியனும் சுற்றுகிறதா? ஒரு சுற்றுக்கு எவ்வளவு காலம்?

நொடிக்கு ஏறத்தாழ 230 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றுகிறது, நம்மையும் இழுத்துக்கொண்டு. ஒரு சுற்றுக்கு 22 முதல் 25 கோடி ஆண்டு. போன சுற்றில் இதே பக்கம் வந்தபோது பூமியில் டைனோசார்கள் தலைதூக்கத் தொடங்கிய காலம். சூரியன் பிறந்து 460 கோடி ஆண்டு ஆகிறது, ஆக வயது ஏறத்தாழ இருபது சுற்று.

9. எல்லாம் சுற்றிக்கொண்டே இருந்தால் அந்தச் சுருள் கரங்கள் கயிறு போலச் சுற்றிச் சுற்றி இறுகிப் போயிருக்க வேண்டாமா?

ஒரு பதினொன்றாம் வகுப்பு மாணவி கேட்டது. வானியலாளர்களையே பல காலம் உறுத்திய கேள்வி. உட்புற நட்சத்திரங்கள் சுற்றை முன்னதாக முடித்துவிடுவதால், கரம் என்பது நிலையான நட்சத்திர வரிசையாக இருந்தால் சில சுற்றுகளிலேயே இறுகி மறைந்துபோகும். 1964இல் லின், ஷூ இருவரும் ஒரு விடை சொன்னார்கள்: கரம் பொருள் அல்ல, நெரிசல்.

கரும்பு ஏற்றிய டிராக்டர் ஊர்ந்துபோகிறது. அதன் பின்னால் வண்டிகள் சேர்கின்றன, ஒவ்வொன்றாக முந்திப் போய்விடுகின்றன, புதியவை வந்து சேர்கின்றன. வண்டிகள் மாறினாலும் நெரிசல் அப்படியே டிராக்டரோடு நகர்கிறது. கரமும் அப்படித்தான். வாயு நெரிசலில் நுழையும்போது அழுந்தி நட்சத்திரங்கள் பிறக்கின்றன. மிகப் பெரிய நீல நட்சத்திரங்கள் சில பத்து லட்சம் அல்லது சில கோடி ஆண்டிலேயே இறந்துவிடுவதால் நெரிசலை விட்டு வெகுதூரம் போவதில்லை. அதனால்தான் கரங்கள் பளிச்சென்று தெரிகின்றன. நம் பால்வீதியின் கரங்கள் நீண்டகாலம் நிற்பவையா, தோன்றித் தோன்றி மறைபவையா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. பெர்சியஸ், ஸ்கூட்டம்-சென்டாரஸ் இரண்டும் பெரிய கரங்கள். நாம் இருப்பது ஓரியன் என்ற சிறிய கிளையில். முகவரியில் பெருமைப்பட ஒன்றுமில்லை.

10. நடுவில் கருந்துளை இருக்கிறதாமே, ஒருநாள் நம்மை விழுங்கிவிடாதா?

விழுங்காது. சாஜிட்டேரியஸ் ஏ ஸ்டார் என்ற அந்தக் கருந்துளையின் எடை 43 லட்சம் சூரியன்கள், ஆனால் அளவில் புதனின் சுற்றுப்பாதைக்குள் அடங்கிவிடும். கருந்துளை உறிஞ்சு குழாய் அல்ல. தூரத்தில் இருப்பவருக்கு அது வெறும் எடை, அவ்வளவுதான்.

இருப்பது எப்படித் தெரியும் என்றால், ஒன்றுமில்லாதது போலத் தெரியும் ஓர் இடத்தை நட்சத்திரங்கள் பாய்ந்து சுற்றுவதைப் பார்த்துத்தான். அவற்றில் ஒன்று 16 ஆண்டில் ஒரு சுற்று முடிக்கிறது. அதைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ரைன்ஹார்ட் கென்ஸல், ஆண்ட்ரியா கெஸ் இருவரும் 2020இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். கருந்துளையின் நிழலைக் காட்டும் படம் 2022 மே மாதம் வெளியானது. 5ஆம் கேள்விக்குச் சொன்ன ஓவியம் போலன்றி, இது உண்மையான தரவுகளிலிருந்து கட்டிய படம்.

11. அப்படியானால் சூரியன் கோள்களைப் பிடித்துவைத்திருப்பது போல அந்தக் கருந்துளைதான் பால்வீதியைப் பிடித்துவைத்திருக்கிறதா?

இல்லை. படித்தவர்களும் தவறாகச் சொல்லும் இடம் இது. சூரியக் குடும்பத்தில் எடையெல்லாம் நடுவில் இருக்கிறது, அதனால் விலக விலக வேகம் குறைகிறது. புதன் நொடிக்கு 47 கிலோமீட்டர், நெப்டியூன் 5 கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். பால்வீதியில் மொத்த எடை ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி சூரியன் என்பது வழக்கமான மதிப்பீடு. அதன் முன்னால் 43 லட்சம் ஒரு பொருட்டே அல்ல.

இன்னொரு சிக்கலும் உண்டு. பால்வீதியில் விலகிப்போனாலும் வேகம் எதிர்பார்த்தபடி விழுவதில்லை. 1970களில் வீரா ரூபின் பக்கத்துத் திரளான ஆண்ட்ரோமெடாவிலும் மற்ற திரள்களிலும் இதையே கண்டார். கண்ணுக்குத் தெரியும் நட்சத்திரமும் வாயுவும் போதவில்லை, ஒளியோடு உறவில்லாத ஏதோவொன்று பெரிய உருண்டையாகச் சூழ்ந்திருக்க வேண்டும். அதைக் கரும்பொருள் என்கிறோம். பால்வீதியின் எடையில் பெரும்பங்கு அதுதான். அது எதனால் ஆனது என்று இதுவரை யாரும் பிடித்துக் காட்டவில்லை.

12. பால்வீதி எப்படிப் பிறந்தது? ஒரேயடியாகவா, கொஞ்சம் கொஞ்சமாகவா?

பிரபஞ்சத்தின் வயது 1,380 கோடி ஆண்டு. பால்வீதியின் மிக முதிய நட்சத்திரங்கள் 1,300 கோடியை ஒட்டி நிற்கின்றன. 1962இல் எக்கன், லிண்டன்-பெல், சாண்டேஜ் மூவரும், ஒரு பெரிய வாயு மேகம் விரைவாகச் சரிந்து தட்டானது என்றார்கள். 1978இல் சியர்ல், ஸின் இருவரும், சிறு துண்டுகள் சேர்ந்துதான் வெளிப்பகுதி உருவானது என்றார்கள். இரண்டிலும் உண்மை இருந்தது. வாயு வாயுவோடு மோதி ஆற்றலை இழந்து சுழலும் தட்டாகப் படிகிறது, நட்சத்திரங்களோ மோதுவதில்லை, வந்த பாதையை மறப்பதுமில்லை. அந்த மறவாமைதான் துப்பறிய உதவுகிறது.

2018இல் கையாவின் தரவில், மற்றவற்றோடு சேர்ந்து வட்டமாகச் சுற்றாமல் உள்ளும் வெளியுமாகப் பாயும், சில எதிர்த்திசையில்கூடப் போகும் ஒரு கூட்டம் தென்பட்டது. வேதிக் கலவையும் வேறு. ஏறத்தாழ 1,000 கோடி ஆண்டுக்கு முன் பால்வீதி விழுங்கிய ஒரு திரளின் மிச்சம் அது. ஒரு குழு அதற்குக் கிரேக்கப் புராண அரக்கனின் பெயரை எடுத்து 'கையா-என்செலடஸ்' என்று வைத்தது. இன்னொரு குழு, வரைபடத்தில் அதன் வடிவத்தைப் பார்த்துத் தொத்திறைச்சி என்று அழைத்தது. இரண்டு பெயரும் ஆய்வுக் கட்டுரைகளில் மரியாதையோடு உலவுகின்றன. விழுங்கல் இன்றும் நடக்கிறது. 1994இல் கண்டறியப்பட்ட தனுசுக் குறுந்திரள் நம் கண்முன்னே கிழிபடுகிறது. அதன் நட்சத்திரங்கள் வானத்தையே சுற்றி ஒரு நாடாவாகப் பரந்து கிடக்கின்றன.

இதற்கிடையே ஒவ்வொரு தலைமுறை நட்சத்திரமும் தான் சமைத்ததை வாயுவில் கலந்துவிட்டுப் போகிறது. ஹைட்ரஜன், ஹீலியம் தவிர எல்லாவற்றையும் வானியலாளர்கள் 'உலோகம்' என்பார்கள், ஆக்சிஜன் உட்பட. வேதியியல் ஆசிரியர்கள் மன்னிக்க. உலோகம் குறைந்தால் பெரும்பாலும் பழைய நட்சத்திரம், மிகுந்தால் புதியது. இப்போது ஆண்டுக்கு ஒன்றிரண்டு சூரியன் எடையளவு நட்சத்திரங்கள் பிறக்கின்றன. இளமையில் இதைவிடச் சுறுசுறுப்பு.

13. ஆண்ட்ரோமெடா வந்து மோதப்போகிறதாம். அப்போது சூரியன் நொறுங்குமா?

25 லட்சம் ஒளியாண்டு தூரத்திலிருந்து அது நொடிக்கு ஏறத்தாழ 110 கிலோமீட்டர் வேகத்தில் நெருங்குவது உண்மை. ஹபிள் தொலைநோக்கியின் அளவீடுகளை வைத்து 2012இல், 400 கோடி ஆண்டில் மோதல் உறுதி என்றார்கள். 2025இல் வந்த ஆய்வு, பெரிய மெகல்லன் மேகம் முதலிய துணைத் திரள்களின் இழுப்பையும் சேர்த்துக் கணக்கிட்டு, அடுத்த 1,000 கோடி ஆண்டில் மோதும் வாய்ப்பு பாதிக்குப் பாதி என்கிறது. பள்ளிகளில் நான் 'உறுதி' என்று சொன்னதையெல்லாம் இப்போது திருத்திக்கொண்டிருக்கிறேன்.

மோதினாலும் நட்சத்திரங்கள் முட்டிக்கொள்வது மிக அரிது. சென்னை, வேலூர் மிளகுகளை நினைத்துப் பாருங்கள். வாயு மேகங்கள் மோதும், புது நட்சத்திரங்கள் வெடித்துப் பிறக்கும், இரண்டு தட்டுகளும் கலைந்து ஒரு பெரிய உருண்டையாகும். அதற்கு முன்பே, ஏறத்தாழ 200 கோடி ஆண்டில், பெரிய மெகல்லன் மேகம் பால்வீதிக்குள் வந்துவிழும் என்று எதிர்பார்க்கிறார்கள். அதைக் கன்னியாகுமரியிலிருந்தே பார்க்கலாம். தை மாத இரவில், அகத்தியருக்குக் கீழே, தெற்கு அடிவானத்திலிருந்து பன்னிரண்டு டிகிரி உயரத்தில், கடல்பனி இல்லாவிட்டால்.

14. எல்லாம் எதையோ சுற்றுகிறது என்றால், பால்வீதி எதைச் சுற்றுகிறது?

நிலையான ஒன்றைச் சுற்றவில்லை. பால்வீதி, ஆண்ட்ரோமெடா, கூடவே பல சிறு திரள்கள் சேர்ந்த ஒரு குழு, பிரபஞ்சத்தைத் தொடங்கிவைத்த பெருவெடிப்பின் எச்ச ஒளியை அளவுகோலாக வைத்தால் நொடிக்கு ஏறத்தாழ 600 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு திசையில் போகிறது. அந்தத் திசையில் நிறைய எடை குவிந்திருக்க வேண்டும் என்று 1980களில் கண்டு, 'பெரும் ஈர்ப்பி' என்று பெயரும் வைத்தார்கள்.

தொல்லை என்னவென்றால், அந்த இடம் நம் பட்டைக்கு நேர் பின்னால் இருக்கிறது. ஹெர்ஷலை ஏமாற்றிய அதே தூசி அங்கேயும் குறுக்கே நிற்கிறது. ரேடியோவையும் எக்ஸ் கதிரையும் வைத்துத்தான் அந்தப் பக்கம் துழாவிக்கொண்டிருக்கிறார்கள்.